மூத்தோர் படிப்பு வட்டம்: புத்தளம் கரையோரக் கிராமத்தில் தொடங்கி நடத்தும் முறை

கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, முந்தல், உடப்பு, சிலாபம் என்று இந்தக் கரையில் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, பத்துப் பெரியவர்களைக் கிழமைக்கு ஒரு நாள் கூட்டி ஒரு மணி நேரம் படிக்க வைக்க உங்களால் முடியும். ஆசிரியர் பயிற்சி வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பாடம் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் பொருளிலிருந்து தொடங்க வேண்டும். போன், கிளினிக் கொப்பி, மருந்து உறை, வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் வைத்துக்கொண்டே மூன்று மாதம் ஓட்டலாம். ‘அ, ஆ’ அட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் மூன்று கிழமை கூடத் தாங்காது.

கொள்கைப் பேச்சை மூன்று உதாரணங்களோடு முடித்துவிடுகிறேன். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. விரும்பிய பொருளோடு சேர்ந்து வந்ததால் எழுத்தும் உள்ளே போனது. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா 2018இல், தமது 96ஆவது வயதில், எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 எடுத்தார். வேலணையில் பிறந்த வரதா சண்முகநாதன் 2022இல், 87 வயதில், கனடாவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் வாங்கினார். ஆகவே “இந்த வயசில என்ன படிப்பு” என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. வாதாடத்தான் வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. பதினைந்து வீடுகளுக்குப் போங்கள். “என்ன படிக்க விருப்பம்?” என்று கேட்காதீர்கள், “ஒன்றுமில்லை மகன்” என்றுதான் பதில் வரும். “போன கிழமை எந்த வேலைக்கு இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டி வந்தது?” என்று கேளுங்கள். கட்டாரில் இருக்கும் மகளின் கோலை எடுக்க, குளிசை உறையில் எழுதியதை வாசிக்க, அஸ்வெசும கடிதத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்க என்று வரும் பதில்களைச் சொன்னபடியே ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதுதான் உங்கள் பாடத்திட்டம்.

2. விதானையாரிடம் சொல்லுங்கள். கிராம அலுவலர் பிரிவுகள் தோறும் முதியோர் சங்கம் அமைக்கும் ஏற்பாடு இலங்கையில் உண்டு. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் அதன்வழி வந்த முதியோருக்கான தேசிய செயலகமும் இதற்குப் பின்னணி. உங்கள் ஊரில் அப்படி ஒரு சங்கம் இருந்தால், பெயரளவில் இருந்தாலும் சரி, அதன் தலைவரைப் போய்ப் பாருங்கள். அவரைத் தாண்டிக்கொண்டு தொடங்கினால் வட்டம் ‘உங்கட ஆட்கள், எங்கட ஆட்கள்’ சண்டையாகிவிடும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். ஊர்க்காரர் பேசும்போது அந்தக் கடிதத்தின் பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

3. இடம் பாருங்கள். வாசிகசாலை, மீனவர் கூட்டுறவுச் சங்க மண்டபம், பள்ளிவாசல் மதரசா, கோயில் மடம், தேவாலய மண்டபம், ஒரு வீட்டு விறாந்தை என எதுவானாலும் நான்கு விஷயங்களைச் சோதியுங்கள்: மலசலகூடம் கிட்ட இருக்கிறதா, படிக்குக் கைபிடி உண்டா, கை வைத்த கதிரை கிடைக்குமா, ஐந்து மணிக்கும் வெளிச்சம் காணுமா. பாய் விரித்து உட்கார வைப்பது அழகாகத் தெரியும்; முழங்கால் வலிக்காரர் அடுத்த கிழமை வரமாட்டார். எல்லாச் சமயத்தாரும் வாழும் ஊரென்றால் வழிபாட்டு இடத்தைத் தவிர்த்துப் பொது இடம் பாருங்கள்.

4. பெண்கள் தனியாக இருக்க விரும்புகிறார்களா என்று பெண்களிடமே கேளுங்கள், அவர்கள் வீட்டு ஆண்களிடமல்ல. சில ஊரில் ஒரே அறையில் இரு வரிசை போதும். சில ஊரில் இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

5. இரண்டு உதவியாளர் வேண்டும். ஓ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நல்ல தேர்வு. நேரமும் இருக்கும், போனும் தெரியும். பொறுமைதான் சந்தேகம், அதற்கு ஒரு மருந்து கீழே சொல்கிறேன்.

நாளும் நேரமும்

பல வட்டங்கள் கலைவது இந்த இடத்தில்தான், ஆகவே சற்று நின்று யோசியுங்கள்.

இந்தக் கரையின் நாட்காட்டி பாடசாலைத் தவணையோடு போவதில்லை. ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று; திறந்த கடலில் கரைவலை ஓய்ந்துவிடும். உடப்பு, சிலாபப் பக்கத்துக் குடும்பங்கள் சில அந்த மாதங்களில் தொழிலுக்குக் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். அப்போது பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் பெரியவர் தலையில் விழும். களப்பில் தொழில் செய்யும் வீடுகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. கற்பிட்டிக் குடாநாட்டில் வெங்காயம், மிளகாய்த் தோட்ட வேலை வரும்போது அறுபது வயதுப் பெண்களும் கூலிக்குப் போவார்கள். உப்பளத்தில் வாரும் நாட்களிலும் கருவாட்டு வாடியில் மீன் நிறைய விழுந்த நாட்களிலும் உங்கள் வகுப்பைப் பற்றி யாரும் நினைக்கமாட்டார்கள், நினைக்கவும் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது: ஒரு பெரிய கடதாசியில் பன்னிரண்டு மாதத்தையும் கோடு போட்டுக்கொண்டு, இவற்றைப் பெரியவர்களை வைத்தே குறியுங்கள்.

– ஒவ்வொருவரின் கிளினிக் நாள் (கிளினிக் கொப்பியில் இருக்கும்)
– வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு பூசை
– நோன்பு மாதம். ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னுக்கு வரும். அந்த மாதம் முழுக்க விடுமுறை விடுங்கள்
– தலவில சந்த அன்னம்மாள் திருவிழா (மார்ச், ஆகஸ்ட்), உடப்புத் திரௌபதி அம்மன் தீமிதிப்பு, முன்னேஸ்வரத் திருவிழா
– தொழில், தோட்டம், உப்பு

மிஞ்சும் வெற்றிடத்தில் ஒரு நாளைப் பிடியுங்கள். நேரம் பின்னேரம் நான்கு முதல் ஐந்து வரை. மதிய வெயிலில் நடக்க வைக்காதீர்கள். மஃரிபுக்கு முன், இருட்டுக்கு முன், எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டும். வண்ணாத்திவில்லு, எலுவன்குளப் பக்கமென்றால் யானைப் பயமும் உண்டு, இன்னும் வேளையோடு முடியுங்கள்.

குறிப்பு: ஒக்டோபர் 1 முதியோர் தினத்தில் தொடங்குவோம் என்று யாராவது சொல்வார்கள். மாலை, மேடை, அதிதி, பேச்சு எல்லாம் நடக்கும். அடுத்த கிழமை யாரும் இருக்கமாட்டார்கள். எந்த விழாவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்குவது நல்லது.

பொருட்கள்

வெள்ளைப் பலகையும் தடித்த கறுப்புப் பேனையும் வாங்குங்கள். வெண்கட்டித் தூள் இழுப்பு உள்ளவருக்கு ஆகாது. அகலக் கோடு போட்ட கொப்பி, மையைத் தாராளமாக விடும் பேனை, வாசிப்புக் கண்ணாடி மூன்று நான்கு (வெவ்வேறு பவரில், வட்டத்தின் பொதுச் சொத்தாக), குடிதண்ணீர், சீனி ஒரு போத்தல். அவ்வளவுதான். அச்சடித்துக் கொடுக்கும் எழுத்து 20 புள்ளிக்குக் குறையக் கூடாது; வெள்ளைத் தாளில் கறுப்பு மட்டும்.

பணம் வசூலிக்காதீர்கள். யாராவது கொப்பி, பணிஸ் என்று கொடுத்தால் வாங்கி, எல்லாரும் பார்க்கும் கணக்குப் புத்தகத்தில் எழுதுங்கள்.

முதல் நாள்

1. வாசலில் நின்று, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மூத்தம்மா, ஹாஜியார், ஆச்சி, ராத்தா என்று அவர் சொல்வதைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வரவு எடுக்கும் பாடசாலைப் பழக்கம் இங்கே வேண்டாம்.

2. கண், காது பாருங்கள். பலகையில் ஒரு பெரிய எண்ணை எழுதி, கடைசிக் கதிரையிலிருந்து தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியாதவர் முன்னுக்கு வரட்டும். காது மந்தமானவரின் முகத்துக்கு நேரே, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று பேசுங்கள், கத்துவதால் பயனில்லை. கண்ணாடி போட்டும் மங்கலாகத் தெரிகிறதென்றால் படிப்பை விட்டுவிட்டுக் கண் கிளினிக்குக்கு அனுப்புங்கள். “எனக்கு மண்டையில ஏறாது” என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் கண்புரை.

3. வீடு வீடாகப் போய் எழுதியதை வாசித்துக் காட்டி, எதில் தொடங்குவதென்று கை தூக்கச் சொல்லுங்கள்.

4. அன்றைக்கே ஒரு சின்ன வேலையை முடித்து அனுப்புங்கள். 1990 (அவசர அம்புலன்ஸ்), 119 (பொலிஸ்), 1919 (அரச தகவல் நிலையம், தமிழிலும் பேசலாம்) ஆகிய மூன்று இலக்கங்களையும் பெரிதாக எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டக் கொடுத்தாலே போதும்.

பாடம் ஒன்று: போன்

வகுப்புக்கு முன் உதவியாளர் ஒவ்வொரு போனிலும் எழுத்தைப் பெரிதாக்கி, ஒலியைக் கூட்டி, அடிக்கடி பேசும் ஐந்து பேரின் படத்தை அவரவர் இலக்கத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். உரியவரின் சம்மதத்தோடு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பிறகு ஒழுங்கு இது:

1. வரும் கோலை எடுப்பது. சில போனில் பச்சையைத் தொட வேண்டும், சிலதில் மேலே தள்ள வேண்டும். ஒரே மாதிரி போன் வைத்திருப்பவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.
2. கோலை வெட்டுவது, வெட்டியதா என்று பார்ப்பது. வெட்டாமல் சட்டைப்பைக்குள் போன கோலால் எத்தனையோ குடும்பச் சண்டை.
3. படத்தைத் தொட்டுக் கோல் எடுப்பது.
4. வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவது. மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசி விட்டால் போய்விடும். எழுதத் தெரியாதவருக்கு இது பெரிய விடுதலை. இதற்கு இரண்டு கிழமை ஒதுக்குங்கள்.
5. வந்த குரலைத் திரும்பக் கேட்பது.
6. வீடியோ கோல். இதைக் கடைசியாக வையுங்கள். மகளின் முகத்தைப் பார்த்தபின் அன்றைக்கு வேறு பாடம் நடக்காது.

உதவியாளருக்கான மருந்து: அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வாயால் மட்டுமே சொல்லலாம். போனைப் பிடுங்கி “இப்படித்தான்” என்று செய்து காட்டிய கணமே பாடம் போய்விட்டது. வீட்டில் பேரப்பிள்ளை நாள்தோறும் செய்வது அதைத்தான். அதனால்தானே அவர்கள் உங்களிடம் வருகிறார்கள்.

வலை இழுத்தும் உப்பு வாரியும் காய்த்துப்போன விரலைத் தொடுதிரை உணராமல் போகலாம். போன் பழுதென்றோ ஆள் பிழையென்றோ நினைக்காதீர்கள். ஈரத் துணியில் விரலைத் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள், அல்லது நுனிக்குப் பதில் விரலின் பக்கத்தால் தொடச் சொல்லுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் தொடுதிரைப் பேனை ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

ஏமாற்றுக் கோலை நாடகமாக நடியுங்கள். உதவியாளர் அறைக்கு வெளியே போய், “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்க” என்று கோல் எடுக்கட்டும். பெரியவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேச்சில்லாமல் வெட்டுவது. நம் பெரியவர்களுக்கு ஒருவரின் முகத்தில் அடித்தாற்போல் வெட்டுவது கஷ்டம், மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே மாட்டிக்கொள்வார்கள். ஆகவே வெட்டுவதைப் பல தடவை பழக்குங்கள். வெட்டிய பிறகு பிள்ளைக்குச் சொல்வது இரண்டாவது பழக்கம்.

பாடம் இரண்டு: மருந்து உறை

காலி உறையை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். குளிசையோடு வந்தால், பத்துப் பேரின் குளிசைகள் ஒரே மேசையில் மாறிப்போகும். இந்த விதியில் சலுகை கிடையாது.

உறையில் ஆங்கிலச் சுருக்கம் எழுதியிருக்கும். ‘பீ.டி’ என்றால் நாளைக்கு இரண்டு வேளை, ‘டீ.டீ.எஸ்’ மூன்று வேளை, ‘மானே’ காலை, ‘நொக்டே’ இரவு. ஆங்கில எழுத்தை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். உருவத்தை அடையாளம் காணப் பழக்கினால் காணும். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை என்று வீட்டில் உறையின் மேல் அவர்களே வரையட்டும்.

எல்லை: வட்டம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும், வைத்தியம் சொல்லாது. “எனக்கு இந்தக் குளிசை ஒத்துவரவில்லை, விடலாமா?” என்று கேட்டால் கிளினிக்கிலோ பாமசியிலோ கேட்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கதிரைக்காரர் ஆலோசனை சொல்லத் தொடங்கினால் மரியாதையாகப் பேச்சை மாற்றுங்கள்.

இதோடு ஒட்டிய பாடம், கிளினிக்கில் பேசும் சிங்களம். இந்தக் கரையில் நன்றாகச் சிங்களம் பேசும் பெரியவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களையே ஆசிரியராக்குங்கள். ‘ஹெமின் கியன்ன’ (மெதுவாகச் சொல்லுங்கள்), ‘லியலா தென்ன’ (எழுதித் தாருங்கள்) போல வேலைக்கு உதவும் பத்து வாக்கியம் போதும். தாதி, நோயாளி என்று இருவர் இருவராக நடிக்கட்டும்.

பாடம் மூன்று: கையொப்பம்

எழுத்து இங்கேதான் தொடங்குகிறது. தன் பெயரில் உள்ள எழுத்துகளை முதலில் எழுதுவார்கள். அதிலிருந்து பிள்ளைகள் பெயர், ஊர்ப் பெயர், பஸ் பலகை. குர்ஆன் ஓதத் தெரிந்து தமிழ் வாசிக்கத் தெரியாத மூத்தம்மாமாரை எழுத்தறியாதவர் என்று நடத்தாதீர்கள். எழுத்தோடு பழகிய கண் அது; வலமிருந்து இடமாகப் பழகியது மட்டும்தான் வித்தியாசம். வரியின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள், விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

கவனம் மூன்று:

1. வெற்றுத் தாளில் முழுக் கையொப்பம் போட்டுப் பழகிய தாளை யாரும் எடுத்துப் போகக் கூடாது. அன்றைக்கே கிழித்துவிடுங்கள்.
2. வங்கிக் கணக்கைக் கைநாட்டில் திறந்தவர், வங்கிக்குப் போய் மாதிரிக் கையொப்பத்தை மாற்றும்வரை அங்கே கைநாட்டையே வைக்க வேண்டும். மாற்றியபின் ஒரே மாதிரிப் போட வேண்டும். அதற்காகச் சுலபமான கையொப்பமாகத் தெரிவு செய்யுங்கள்.
3. வாசித்துக் காட்டாத கடதாசியில் கையொப்பம் போடுவதில்லை என்று எல்லாரும் ஒரு தடவையாவது உரக்கச் சொல்லிப் பழகட்டும். காணி உறுதி, கடன் பத்திரம், பிணை ஆகியவற்றில் மாட்டியவர்கள் அநேகமாக நம்பின சொந்தக்காரரிடம் மாட்டியவர்கள்தான். எழுதத் தெரிந்ததால் ஆபத்துக் கூடிவிடக் கூடாது.

அவர்கள் கற்றுக்கொடுக்கும் நாள்

நான்காவது கிழமையிலிருந்து மாதத்தில் ஒரு நாளைப் பெரியவர்களிடம் விடுங்கள். பிரான்சின் துலூசில் 1973இல் தொடங்கிய ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ பிரித்தானியாவுக்குப் போனபோது, உறுப்பினரே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் முறையாக மாறியது. நமக்குப் பொருந்துவது அந்த இரண்டாவது வடிவம். வலை பொத்துவது, காற்றைப் பார்த்துக் கடல் சொல்வது, பன் பின்னுவது, உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு என்று கற்றுக்கொடுக்க இவர்களிடம் ஏராளம் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளை வரவழைத்துக் கேட்க வையுங்கள்.

பதிவு செய்வதானால் முதலில் சம்மதம் கேளுங்கள். முகநூலில் போடுவதற்குத் தனியாகக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து குடியேறிய முஸ்லிம் பெரியவர்கள் உங்கள் வட்டத்தில் இருக்கலாம். “அந்தக் கதையைச் சொல்லுங்கள்” என்று கேட்டு உட்கார வைக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள். அன்றைய பாடத்தை அதோடு விட்டுவிடுங்கள், வீடு வரை யாராவது கூடப் போகட்டும்.

பாதுகாப்பு

– தொடங்குமுன் வாசல் படியிலும் சீமெந்துத் தரையிலும் மணலைக் கூட்டுங்கள். மணல் ஒட்டிய செருப்பு வழுக்கிவிடும். பாய், மின்வயர், குழந்தைகளின் சைக்கிள் எதுவும் நடைபாதையில் இருக்கக் கூடாது.
– வரவுக் கொப்பியில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள், சீனி வருத்தமா, பிரஷரா என்று எழுதி வையுங்கள். கொப்பி ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும்.
– தேத்தண்ணியைச் சீனி போடாமல் ஊற்றி, சீனியைத் தனியாக வையுங்கள்.
– சீனி வருத்தக்காரர் திடீரென்று வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழம்பினால் சீனி இறங்கியிருக்கலாம். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுத்துவிட்டு 1990ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 1990.
– முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாவிட்டாலோ, வாய் குழறினாலோ தேத்தண்ணி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990ஐ அழையுங்கள்.
– தனியாக நடந்து போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை.

ஆட்கள் குறைந்தால்

பத்துப் பேர் ஏழாகக் குறைவது சாதாரணம். ஐந்துக்குக் கீழே போனால் இந்த ஒழுங்கில் தேடுங்கள்:

1. கிளினிக் நாள் மாறிவிட்டதா?
2. தோட்டம், கருவாடு, கலியாணம் ஏதும் வந்ததா? அப்படியானால் பொறுத்திருங்கள்.
3. சிறுநீர் போக வைக்கும் பிரஷர் குளிசை எடுப்பவர் வெட்கத்தில் வராமல் இருக்கிறாரா? மலசலகூடத்துக்குப் பக்கத்துக் கதிரையை ஒதுக்கிக் கொடுங்கள். ஏனென்று சொல்லத் தேவையில்லை.
4. யாராவது யாரையாவது பிழை சொல்லிச் சிரித்தார்களா? வீட்டுக்குப் போய் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள், சிரித்தவரைக் கேட்க வைக்க முயலாதீர்கள்.
5. நீங்கள் பாடசாலை ஆசிரியர் போலப் பேசத் தொடங்கிவிட்டீர்களா? உதவியாளரிடம் கேளுங்கள், உண்மையைச் சொல்வார்கள்.

படுக்கையில் விழுந்துவிட்டவர் வீட்டுக்கு உதவியாளர் ஒருவர் போய் அரை மணி நேரம் பாடம் நடத்தலாம். ஒரு பத்திரிகையை வாசித்துக் காட்டினாலும் சரி. அந்த வீட்டுக்குப் போனதையும் வரவாகவே எழுதுங்கள்.

மூன்றாம் மாத முடிவில் வரவுக் கொப்பி, கணக்குப் புத்தகம், மண்டபத் திறப்பு மூன்றையும் வட்டத்திலிருந்தே தெரிவான இருவரிடம் ஒப்படையுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அதன்பின் ஒரு கிழமை வேண்டுமென்றே போகாமல் இருங்கள். கூட்டம் நடந்திருந்தால் அடுத்த கிழமை போய்க் கடைசி வரிசையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொள்ளுங்கள். நடக்காவிட்டால் திறப்பைத் திரும்ப வாங்காதீர்கள். என்ன தடை வந்தது என்று அந்த இருவரிடமும் கேட்டு, அந்தத் தடையை மட்டும் நீக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.